ஊத்துக்கரைக்கு வந்துபோன பஸ்

சமயநல்லூரைத் தாண்டி வாடிப்பட்டி போகிற ரோட்டில் ஊத்துக்கரை விலக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் கண்ணில் அது படாது. அங்கே இறங்கி, கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்தால்தான் ஊத்துக்கரைக் காலனி. அந்தப் பாதையில் நடந்து நடந்தே இரண்டு தலைமுறை தேய்ந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவனெல்லாம், "பஸ்ஸுதானே, விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான். மேலே கையெழுத்தானால் கீழே ஒருவன் ரோடு சரியில்லை என்பான், இன்னொருவன் வண்டி இல்லை என்பான். கடைசியில் ஒரு வழியாக விட்டார்கள். காலையில் ஒரு நடை, சாயந்தரம் ஒரு நடை, பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.

பஸ் வந்த அன்றைக்கு ராமக்காள் அதற்கு ஆரத்தி எடுத்தாள். டிரைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெண்களுக்கு டிக்கெட்டும் இலவசம் என்பதால் காலனியில் பாதிப் பேர் அடுத்தவர் வயலில் குனிவதை விட்டுவிட்டு மதுரைக்குள் வேலை தேடிக்கொண்டார்கள். ராமக்காளுக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கிற வேலை. சிலருக்கு ஜவுளிக் கடை, சிலருக்குக் கப்பலூரில் கம்பெனி. சும்மா சொல்லக் கூடாது, காலனிப் பெண்களின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது என்றால் அது அந்த ஓட்டை வண்டியால்தான்.

ராமக்காளின் தம்பி மகள் கனகா. காலனியில் காலேஜைத் தாண்டிப் படித்த முதல் ஆள். மதுரையில் ரூம் எடுத்துத் தங்கி, ஓர் ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஜனங்கள் எதில் ஏறிப் போகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள், அதனால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிற படிப்பு. "நடக்குறதப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா? அம்புட்டு நேரமா கெடக்கு இவளுக்கு?" என்று காலனியில் கேலி பேசுவார்கள். கேலி பேசுகிற வாயே, "எங்க புள்ள டாக்டராகப் போகுது" என்று அசலூரில் போய்ப் பீற்றிக்கொள்ளும்.

கனகாவுக்கு அந்தப் படிப்பில் ஒரே ஒரு வெறி இருந்தது. பஸ் என்பது போக்குவரத்துச் சமாச்சாரம் மட்டுமில்லை, ஆரோக்கியச் சமாச்சாரமும்கூட என்று நிரூபிக்க வேண்டும். பஸ் உள்ள ஊரில் ஜனங்கள் ஸ்டாப் வரை அளவாக நடக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சுகரும் பிரஷரும் அடங்கியிருக்கின்றன. இதை எண்ணால் எழுதிக் காட்டிவிட்டால் ஊத்துக்கரைக்கு மத்தியானமும் ஒரு நடை கேட்கலாம். பிள்ளைத்தாய்ச்சியும் நோயாளியும் வெயிலில் நடந்து சாக வேண்டாம். அவ்வளவுதான் அவள் ஆசை. அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடையை அளக்க மையத்திலிருந்து மிஷின் கொண்டுவந்தாள். மிஷின் என்றால் பெரிய மிஷின் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, பெல்ட்டில் கோத்தது. ஒரு வாரம் இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் பெண்களை உட்காரவைத்துக் கனகா விளக்கினாள்.

"இதுல கேமரா இருக்குமா?" என்றாள் ஒருத்தி.

"கேமராவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எம்புட்டு நடக்குறீகன்னு மட்டும் இதுக்குத் தெரியும்."

"ஒனக்கு இதுல என்னடி லாபம்?" என்று ராமக்காள் கேட்டாள்.

கனகா சிரித்தாள். "இத வச்சுத்தான் அத்தே எனக்குப் பட்டமே. நீங்க நடக்குறதுலதான் என் பொழப்பு இருக்கு."

வாய் சும்மா இருக்கக் கூடாதா? சொன்ன பிறகு, சொல்ல வேண்டியதையும் முறைப்படி வாசித்தாள். "பங்கேற்பாளர்கள் தங்கள் அன்றாட வழக்கத்தை எவ்வகையிலும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை." பெண்கள் எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அது யாருக்கும் விளங்கவில்லை என்று கனகாவுக்கே தெரிந்தது.

"எப்பயும் போல இருங்கன்னு அர்த்தம். எனக்காக யாரும் சிரமப்படாதீக."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். நீ போயிட்டு வா ஆத்தா" என்றாள் ராமக்காள்.

மதுரைக்குள் இதே மிஷினைத் தெற்குவாசல் பக்கத்துச் சந்துகளில் கட்டிவிட்டவள் நிலோபர். கனகாவோடு ஒரே மேஜையில் வேலை பார்க்கிறவள், அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவள். அங்கே வேறு கூத்து நடந்தது. வீட்டை விட்டு இறங்காத சைனப் மாமி ஒரு சாயந்தரம் முழுக்க ஓடியதாக மிஷின் சொன்னது. நிலோபர் போய்க் கேட்டால், "யா அல்லாஹ், நான் எங்கடி ஓடுனேன்? பேரன் ஷாகிர் பய கேட்டான், கட்டிவிட்டேன். கபடி வெளையாண்டுட்டு வந்து குடுத்தான்" என்றாள் மாமி. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த மாதிரிக் கள்ளக் கணக்கை எல்லாம் மிஷின் கம்ப்யூட்டரில் போடுகிற கோட்டைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம்.

ஊத்துக்கரைக் கணக்கில் அப்படி எதுவும் இல்லை. கோடு கோடாக சுத்தமான நடை. வளர்ந்த பொம்பளையின் நடை, நின்று இளைப்பாறிய இடம், மறுபடியும் நடை. விடியற்காலையிலும் நடந்திருக்கிறார்கள், பொழுது சாய்ந்தும் நடந்திருக்கிறார்கள். அந்த மையத்தில் அதுவரை யாரும் பார்க்காத கணக்கு அது.

"ஏ, என்ன இம்புட்டு!" என்றாள் நிலோபர். "அதான் பஸ் வருதே, பெறகு ஏன் நடக்குறாங்க?"

"எங்க ஊருப் பொம்பளைகடி. பஸ்ஸுக்காகக் கைகட்டிக்கிட்டு நிக்கமாட்டாக."

"எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

"கேக்கணும்" என்றாள் கனகா. கேட்கவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது. அடுத்தவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் மனுஷன் நடையே மாறிப்போகும் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் இவள்தான். அந்தப் பாடம் சொந்த அத்தைக்கும் பொருந்தும் என்று இவளுக்குத் தோன்றவில்லை. "பேருந்து வசதி இருந்தும் இப்பகுதிப் பெண்கள் நடையையே விரும்பித் தேர்கின்றனர்" என்று கம்பீரமாக ஒரு வரி எழுதினாள். 'விரும்பி' என்று யாரைக் கேட்டு எழுதினாளோ!

மையத்தின் தலைவர் பாண்டியராஜன் கெட்டவர் இல்லை. பஸ் தடங்களை மறுபடியும் அலசிக்கொண்டிருந்த அலுவலகம் ஒன்று மையத்திடம் ஆய்வு முடிவுகளைக் கேட்டது. நம்ம பிள்ளையின் வேலை நாலு பேர் கண்ணில் படட்டும் என்று கனகாவின் அறிக்கையை முன்னால் வைத்து அனுப்பினார். பஸ் விட்ட ஊர் நன்றாக நடக்கிறது என்று காட்டியாயிற்று, மத்தியான பஸ்ஸும் வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு கனகாவும் நிலோபருக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாள்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது ராமக்காளிடமிருந்து போன் வந்தது.

"ஏ கனகா, பஸ்ஸக் காணோம்டி. நேத்தும் வரல, இன்னைக்கும் வரல. ரிப்பேரா என்னன்னு தெரியல. ஒனக்குத்தான் ஆபீசெல்லாம் தெரியுமே, கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

கனகா கேட்கப் போனாள். அலுவலகத்தில் இருந்தவர் அவளை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு அவள் எழுதிய வரியையே எடுத்து அவளிடம் காட்டினார்.

"நல்ல ஆராய்ச்சிம்மா. நாங்க யோசிக்கவே இல்ல. ஆனா சும்மா ஒருத்தர் எழுதுனதை நம்பிச் செய்ய முடியுமா? நீங்க மிஷின் கட்டுன அதே வாரத்துக்கு எங்க டிக்கெட் கணக்கையும் எடுத்துப் பாத்தோம். ஊத்துக்கரையில ஒரு பொம்பள ஏறல. உங்க கணக்கும் எங்க கணக்கும் அப்படியே ஒட்டிக்கிருச்சு. நடக்குறதுதான் அவங்களுக்கு உடம்புக்கும் நல்லதுன்னு நீங்களே சொல்றீங்க. வண்டியை வேற ஊருக்கு விட்டாச்சு."

ஒரு பெண்கூட ஏறவில்லையா? கனகா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவள் வேறு என்ன செய்வாள்?

அங்கிருந்து நேராகப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஊத்துக்கரை வண்டியில் கண்டக்டராக இருந்த சுருளியைத் தேடிப் பிடித்தாள். வேறு வண்டிக்கு அருகில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சுருளி இவளைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

"ஏம்மா, உங்க ஊருப் பொம்பளைகளுக்கு எம்மேல அப்படி என்ன கோவம்? ஒருநா வாய் தவறி ஓசின்னு சொல்லிட்டேன், இல்லேங்கல. மறுநாளே மன்னிப்பும் கேட்டேன். பெறகும் ஒரு வாரம் பூராம் வண்டி பக்கத்துல வந்து நின்னாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வெலக்கு பஸ்ஸப் புடிக்க நடக்குறாக. டிரைவரு ஹாரனா அடிக்கிறாரு. நீங்க போங்க, நாங்க ஒரு வேலையா நடக்குறோம்னு உங்க அத்தை சொல்லுது. என்ன வேலைன்னும் சொல்லல. அடுத்த வாரமே ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாம் ஏறி உக்காந்திருச்சுக."

"எந்த வாரம்ணே?" என்று கனகா கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

அன்று சாயந்தரமே காலனிக்குப் போனாள். ராமக்காள் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"தெரிஞ்சு போச்சா? எவடி சொன்னா?"

"ஏன் அத்தே நடந்தீக?"

"பெறகு? நாங்க நடக்குறதுதான் ஒனக்கு மார்க்குன்னு நீதான சொன்ன? ஒனக்குச் சடங்கு வச்சப்ப ஒங்கப்பன் மொய், செய்முறை எதுவும் வாங்கமாட்டேன்னு நின்னான். கல்யாணம் வேணாம்னு நீ நிக்கிற. ஊரு ஒனக்கு எப்பத்தான் செய்யிறது? இதுதான்டி நாம அவளுக்குச் செய்யிற செய்முறைன்னு சொன்னேன். ஒருத்தி மறுக்கலையே! ரெண்டு மாசம் தாண்டுன பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திய மட்டும் நாந்தான் வஞ்சு பஸ்ஸுல போகச் சொன்னேன், அவளும் ஏறாம எங்க கூடவே நடந்து வந்துட்டா."

"சிரமப்படாதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"வீட்டுக்கு வந்தவுக காப்பி வேணாம், சிரமப்படாதீகன்னுதான் சொல்லுவாக. அதுக்குன்னு போடாம இருந்துருவமா?"

அந்த ஊரில் யாரும் மிஷினை ஏமாற்றவில்லை. பேரனுக்குக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாலாவது ஒரே நாளில் பிடித்திருப்பாள். இவர்கள் நிஜமாகவே நடந்திருக்கிறார்கள். பாசத்தை எந்தக் கோட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும்?

அப்போதுதான் அத்தையின் வலது காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.

"இதென்னது?"

"அது அந்த வாரம் நடந்தப்பவே குத்துன கல்லு. சுகரு காலுல்ல, குத்துனதே தெரியல. பஸ்ஸுல போனப்ப ஆறிக்கிட்டுத்தான் வந்துச்சு. இப்ப வெலக்கு வரைக்கும் நடக்குறதுல திரும்பவும் சீழு கோத்துக்கிருச்சு. லாட்ஜுலயும் காலு சரியானப்பறம் வான்னுட்டான். அத விடு, பஸ்ஸுக்கு என்ன சொன்னாக?"

"சொல்றேன் அத்தே" என்றாள் கனகா. சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவாள்? நீங்க ஆசையாச் செஞ்ச செய்முறைதான் பஸ்ஸை நிறுத்தியது என்று சொல்ல எந்த நாக்குக்குத் தைரியம் வரும்?

மறுநாள் பாண்டியராஜன் முன்னால் போய் நின்றாள். ஊத்துக்கரைக் கணக்கு செல்லாது, அவர்கள் அந்த வாரம் எனக்காக நடந்தார்கள், எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எழுதிக் கொடுத்தா உன் ஆய்வு அத்தோட போச்சு. உன் ஆய்வே அந்தக் கணக்கு மேலதான் நிக்குது. திரும்ப முதல்லருந்து செய்யப் பணமும் இல்ல, உனக்குக் காலமும் இல்ல. பஸ் வந்துரும்னு நினைக்கிறியா?"

"வரணும் சார்."

"வராதும்மா" என்றார் அவர். அதட்டிச் சொன்னால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். பரிதாபப்பட்டுச் சொன்னார்.

நிலோபர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பைத்தியக்காரி, வாயை மூடிக்கிட்டுப் பட்டத்தை வாங்கு. பட்டம் வாங்கிட்டுப் பஸ்ஸுக்குப் போராடு. வெறும் ஆளாப் போய் நின்னா வாசல்லயே நிப்பாட்டிருவானுங்கடி." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கனகாவின் கண்ணில் அந்தத் துணி சுற்றிய கால்தான் நின்றது. எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அலுவலகத்தில் இந்தத் தடவை டீ வரவில்லை. அதே மனிதர்தான், முகம் மட்டும் வேறு. "போன தடவை நடக்குறாங்கன்னீங்க. இப்ப நடக்கலங்கிறீங்க. எதம்மா நம்புறது?" என்றார். மற்ற வாரத்து டிக்கெட் கணக்கைப் பாருங்கள் என்றாள் கனகா; தடத்தையே மூடிய பிறகு பழைய கணக்கு எடுபடாது என்றார். அந்த வண்டி இப்போது போகிற ஊரில் தேங்காய் உடைத்துப் பொங்கல் வைத்துவிட்டார்களாம். நிறுத்தினால் மறியல் செய்வார்களாம். ஊத்துக்கரைக்குத் திரும்ப பஸ் வேண்டுமென்றால் புதிதாக ஓர் ஆய்வு நடத்தித் தேவையைக் காட்ட வேண்டுமாம். "ஆனா நம்பகமான ஆளா பாத்துச் செய்யச் சொல்லுங்க" என்றபோது அவர் கனகாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டம் போயிற்று. பஸ்ஸும் வரவில்லை. மையத்திலும், இனி வேலை இல்லை என்பதைப் பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள். மொத்தத்தையும் யாருக்காகச் செய்தாளோ அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. இனிமேலும் மறைத்தால் சோறு இறங்காது என்ற நிலைமையில், ஒரு நாள் சாயந்தரம் ஊத்துக்கரை விலக்கில் போய் இறங்கி நின்றாள்.

வாடிப்பட்டி பஸ்ஸிலிருந்து வேலை விட்ட பெண்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். காலுக்குக் கட்டுப் போட சமயநல்லூர் போயிருந்த ராமக்காளும் கூடவே இறங்கினாள். இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். குதிகாலை ஊன்றி, ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"வாடி டாக்டரு! பட்டம் எப்பக் குடுக்குறாக? நாங்க எல்லாம் வரலாமா, இல்ல படிச்சவுக மட்டுந்தானா?"

கண்மாய்க் கரை ஏறும் வரை கனகா பொறுத்தாள். பிறகு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அவர்கள் நடந்த வாரம், ஒட்டிப்போன இரண்டு கணக்கு, எழுதிக் கொடுத்தது, பட்டம் இல்லை என்றது. சொல்லி முடித்தபோது பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

ராமக்காள் தான் பிடித்திருந்த தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"எங்களாலதான் பஸ்ஸு போச்சுங்குற."

"உங்களால இல்ல அத்தே. என்னாலதான். நான் கேட்டிருக்கணும்."

"சரி, போச்சு. பஸ்ஸு இல்லாமத்தான் பொறந்தோம், வளந்தோம். நம்ம தலையெழுத்து. ஆனா நீ டாக்டரு ஆகியிருப்பேல்ல? காலு போனாப் போகுது, புள்ள டாக்டராயிரும்னுதானடி ஆசுபத்திரில அழுகாமக் கெடந்தேன்."

"அது தப்பான கணக்கு அத்தே."

"தப்பா?" ராமக்காளின் குரல் உடைந்தது. "நடந்தது நானு. வலிச்சது எனக்கு. வெரல எடுத்தது என் காலுல. இதுல எதுடி தப்பு? நாங்க நடந்தது பொய்யின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டியா?"

கனகா அழுதாள். உண்மையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது என்று சொல்லப் பார்த்தாள். சொன்னாலும் யாருக்கு வேண்டும் அந்த உண்மை? அதை வைத்து ஒரு நடை பஸ் விடுவானா?

"செஞ்ச செய்முறைய யாரும் திருப்பிக் குடுக்கமாட்டாக கனகா" என்றாள் ராமக்காள். வையவில்லை. சத்தம் போடவுமில்லை. "பகையாளிதான் குடுப்பான்."

பிறகு பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கடி, இருட்டுது."

பெண்கள் நடந்தார்கள். கனகா நாலடி பின்னால் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. காலனி முனை வந்ததும் ஒவ்வொருத்தியாகத் தன் வீட்டுக்குள் நுழைந்தாள். எந்த வாசலிலிருந்தும், சாப்பிட்டியா என்று ஒரு குரல் வரவில்லை. ராமக்காளின் வீட்டில் விளக்கு எரிந்தது, கதவு சாத்தியிருந்தது. கனகா சிறிது நேரம் வெளியே நின்றாள். அங்கிருந்து மதுரைக்குத் திரும்ப பஸ் இல்லை. வந்த வழியே விலக்குக்கு நடக்க ஆரம்பித்தாள்.